மில் சுவரில் ஒரு சிவப்புக் கோடு

உட்காருங்கள் சார். அந்த பெஞ்சு வேண்டாம், அது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடித்தது, உங்கள் முழங்கால் இடிக்கும். இந்த வாத்தியார் நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும். ஆடினாலும் விழாது. பதினோரு நாளாக நான்தான் அதில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்? நோட்டும் டேப்புமாக நீங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. இந்த முகாமில் இருக்கிற எல்லாக் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்திருக்கிறீர்கள். அதுவும் தெரியும். "அந்தக் கெழவன்கிட்ட மட்டும் கேக்காதீங்க சார், எருமையை மாடியில ஏத்திடுவான்" என்று சொல்லியிருப்பார்களே? சிரிக்கிறீர்கள். அப்படியானால் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, அந்த எருமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் வைத்திலிங்கம். ஆற்றோரம் பாலத்தடித் தெரு. அந்தத் தெருவில் இருந்த செட்டியார் ரைஸ் மில்லில் முப்பத்தெட்டு வருஷம் நெல் எடை போட்டேன். எடை போடுகிறவன் பொய் சொல்லக்கூடாது சார். சொன்னால் முதுகில் விழும். அதனால் மில்லுக்குள்ளே சொல்ல முடியாத பொய்யையெல்லாம் சாயங்காலம் டீக்கடையில் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். ஒருவருக்கும் கெடுதல் இல்லாத பொய்கள். எங்கள் ஆற்று விரால் ஒன்று மழைநாளில் ரோடு ஏறி மில் வாசலுக்கு வந்து தவிடு கேட்கும், எடை குறைந்தால் வாங்காமல் முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும் என்பேன். அந்த மாதிரி. கேட்கிறவனுக்கும் பொய் என்று தெரியும், சொல்கிற எனக்கும் தெரியும். இரண்டு பேரும் டீ குடிப்போம்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓவர்சியர் வந்தார். உங்களை மாதிரியே நோட்டு, டேப்பு. கூடுதலாக மீசை. ஆற்றோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எதுவரை ஏறியதோ, அதற்கும் இரண்டடி மேலேதான் வீட்டுத் தரை இருக்க வேண்டும். பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது? அதற்கு ஆபீசில் கணக்கு இல்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு வாக்குமூலம் வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். டீக்கடையில் பெரியவராக அகப்பட்டது நான்.

அந்த மனிதர் எனக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தார் சார். சுடச்சுட. எனக்குப் பத்து வயசில் ஒரு வெள்ளம் வந்தது உண்மை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, மறுநாள் வடிந்தது, அவ்வளவுதான். சூடான போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொன்னேன். அந்த வெள்ளத்தில் ஓர் எருமை மிதந்து வந்தது, செட்டியார் மில்லின் மாடி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. எருமைக்குப் படி இறங்கத் தெரியவில்லை. மூன்று மாசம் மாடியிலேயே நெல்லைத் தின்றுகொண்டு நின்றது. அங்கேயே கன்றும் போட்டது. அந்தக் கன்றைப் பிறகு கயிறு கட்டி இறக்கினார்கள், ஆனால் அதற்குச் சாகும்வரை தரை என்றால் பயம்.

ஓவர்சியர் சிரிக்கவில்லை. "எந்த ஜன்னல்?" என்றார். காட்டினேன். "கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன்.

இதில் யார் பேரில் தப்பு, நீங்களே சொல்லுங்கள். அந்த ஆள் எருமையை எழுதவில்லை சார். ஜன்னலை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். எருமையையும் எழுதியிருந்தால் மேலே எந்த அதிகாரியாவது படித்துச் சிரித்திருப்பார். சிரித்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். கதையில் இருக்கிற எருமையை அவிழ்த்துவிட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் கொண்டுபோனால் எப்படி?

எட்டே நாளில் மில் சுவரில், மாடி ஜன்னலுக்குக் கீழே, சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள். பக்கத்தில் எம்.எஃப்.எல். என்று எழுதினார்கள். உச்ச வெள்ள மட்டம் என்று அர்த்தமாம். தெருவிலிருந்து ஒன்பதடி. அதற்கு மேல் இரண்டடி. ஆக, பாலத்தடித் தெருவில் எவன் வீடு கட்டினாலும் பதினோரடி உயரத்தில்தான் தரை போட வேண்டும். எல்லாம் மண்சுவர் வீடுகள், ஓட்டு வீடுகள். இடிந்தால் திருப்பிக் கட்ட அனுமதி கிடையாது. வீட்டு வசதித் திட்டத்தில் மனு போட்டால் கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். தெருவில் தலை காட்ட முடியவில்லை எனக்கு. "வைத்தி, ஒன் எருமைக்கு வீடு இருக்கு, எனக்கு இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் எத்தனையோ கதை விட்டிருக்கிறேன். அரசாங்கம் பெயின்ட் அடித்தது அது ஒன்றுக்குத்தான்.

இப்போது ஞானசுந்தரத்தைச் சொல்ல வேண்டும். அப்புறம் சொல்லலாம் என்று பார்த்தேன், கதை அவனில்லாமல் நகராது.

டெய்லர். மில்லுக்கு நேர் எதிர் வீடு. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற சந்து. என்னைவிடப் பதினைந்து வயசு இளையவன், அண்ணே அண்ணே என்பான். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. வலது காலாலேயே மெஷின் மிதிப்பான். அவன் தைத்த சட்டையைப் பார்த்தால் தைத்தவனுக்கு ஒரு கால்தான் என்று எவனும் சொல்ல முடியாது. அவனுடைய மண்வீடு ஒரு மழையில் சரிந்தது. ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் திட்டவில்லை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கம்பை ஊன்றி மில்லுக்கு வந்தான்.

"பதினோரடின்னா எத்தன படிண்ணே வரும்?"

"ஒரு இருவது வரும்ல."

"இருவது படி ஏறி மிஷின் மிதிக்கணும்." யோசித்தான். "ஒங்க எருமை மாதிரி ஏறிக்க வேண்டியதுதான். எறங்கத்தான் தெரியாது."

சிரித்துக்கொண்டே சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன் சார். சிரித்துவிட்டான், நான் என்ன செய்ய?

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். அங்கே விலக்குக் கமிட்டி என்று ஒன்று உண்டு. சட்டத்தை அப்படியே பின்பற்ற முடியாதவர்கள் காரணம் காட்டி மனு போட்டால், பார்த்து விலக்குக் கொடுப்பார்கள். தலைமையில் ஆணையர் அம்மா. கண்ணாடி, மெல்லிய குரல். "அம்மா, அந்தக் கோடு நான் விட்ட கதை. அவ்வளவு தண்ணீர் வரவே இல்லை" என்றேன்.

நம்பவில்லை சார். என் ஆயுசில் நான் சொன்ன முதல் உண்மை அது, நம்பவில்லை. "வீடு கட்டணும்னா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க பெரியவரே" என்றார். நான் பொய்யன் என்பதை நிரூபிக்க வேண்டுமாம். டீக்கடைக்காரரைக் கூட்டிவரட்டுமா என்றேன். வேண்டாம், பிரமாணப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்றார்.

நோட்டரி எழுதினார். 'மேற்படி வைத்திலிங்கமாகிய நான் சிறுவயது முதலே பொய் சொல்லும் பழக்கம் உடையவன்.' பழக்கம் என்று போடாதீர்கள் ஐயா, திறமை என்று போடுங்கள் என்று கேட்டேன். அதற்கு வாசகம் இல்லை என்று மறுத்துவிட்டார். முத்திரைத் தாளில், போட்டோ ஒட்டி, இரண்டு சாட்சியோடு நான் பொய்யன் ஆனேன்.

ஆணையர் அம்மா அதைப் படித்தார். "சரி, அப்ப நெஜமா தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"முழங்கால்."

"முழங்கால்னு எழுத முடியாது. அளவு வேணும்."

ஞானம் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தான். கமிட்டி பார்த்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து, பேன்ட்டுக்கு அளவெடுப்பது மாதிரி என் முழங்காலை அளந்தான். "பத்தொம்பது" என்று குரல் கொடுத்தான். அவன் அளவு எடுக்கும்போது எப்போதும் அப்படித்தான், எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த அளவுக்குப் போய்விடுவான், எழுதிக்கொள்வது பக்கத்தில் நிற்கிறவன் வேலை. அங்கே கிளார்க் எழுதிக்கொண்டார். பத்து வயசில் என் முழங்கால் இன்னும் கீழே இருந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. நாலு அங்குலம் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டேன். எனக்கும் பொறுப்பு உண்டு சார்.

முதல் விலக்கு ஞானத்துக்கு. மற்றவர்களுக்கு மூன்றடி பேஸ்மட்டம் என்று பிறகு முடிவு பண்ணினார்கள். ஞானத்துக்குக் கால் காரணமாக ஒரே படி, பக்கத்தில் சரிவு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவன் பைலைக் காட்டி அடுத்தவன், அவன் பைலைக் காட்டி அதற்கடுத்தவன். மொத்தம் முப்பத்தோரு வீடு. ஒவ்வொரு பைலிலும் நான் பொய்யன் என்கிற பத்திரத்தின் நகல் இருக்கிறது. நீங்கள் ஆபீசில் பார்த்திருப்பீர்கள். என் மகள் கோமதி வீடு பதினேழாவது. புதுவீடு புகுகிற எல்லா விசேஷத்திலும் எனக்குத்தான் முதல் இலை. கோடு சுவரிலேயே கிடந்தது. அதை யாரும் அழிக்கவும் இல்லை, அதைப் பார்த்து யாரும் பயப்படவும் இல்லை. பன்னிரண்டு வருஷம்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா. எனக்கு வேண்டும். கொஞ்சம் இருங்கள்.

அன்றைக்குக் காலை பத்து மணி. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று தெருவில் டிராக்டர் கொண்டுவந்து நிறுத்தி, ஏறுங்கள் ஏறுங்கள் என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. கோமதி பிள்ளைகளோடு ஏறினாள். என்னையும் கூப்பிட்டாள். நான் வரவில்லை என்றேன். மில் மூடி ஆறு வருஷமாகிறது, சாவி என்னிடம்தான். மாடியில் ஜன்னலோரமாகக் கயிற்றுக் கட்டில் ஒன்று போட்டிருந்தேன். அங்கே உட்கார்ந்து ஆறு வருகிற வேடிக்கையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மறைப்பானேன், அதுதான் உண்மை.

ஞானம் வாசலில் நின்றான். அவன் மனைவி தெரசா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தீபாவளிக்கு ஒரு வாரம். வெட்டும் மேசையில் துணி மலையாகக் கிடந்தது. டிராக்டர் அவன் வாசலில்தான் நின்றது. அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"போயிடவாண்ணே? எதுவரைக்கும் வரும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா சார்? உண்மையைத்தான் சொன்னேன். "மொழங்காலத் தாண்டாதுய்யா. அன்னிக்கும் தாண்டல."

"கோடு?"

"அது நான் உட்ட கத. ஒனக்குத் தெரியாதா?"

சிரித்தான். துணியையெல்லாம் அலமாரி மேலே ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். டிராக்டர் போய்விட்டது.

பதினொன்றரைக்குள் தண்ணீர் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தண்ணீர் அழுத்துகிறது, திறக்க முடியவில்லை. மேசை மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எனக்கு நேர் எதிரே, கீழே. முகம் நன்றாகத் தெரிகிறது. "கீழே எறங்கி வரட்டுமா" என்றேன். "நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்கண்ணே, நீச்சல் தெரியுமா?" என்றான். இந்த ஆற்றை நான் பதினேழு தடவை குறுக்கே நீந்திக் கடந்ததாக ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு மட்டும் தெரியும், எனக்கு நீச்சல் தெரியாது என்று.

போன்? இரண்டு பேர் போனிலும் சிக்னல் இல்லை. கத்திப் பார்த்தேன். தெருவில் ஆள் இருந்தால்தானே.

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். டேப்பின் நுனியில் கத்தரிக்கோலைக் கட்டினான். தண்ணீருக்குள் விட்டான். கத்தரி தரையைத் தொட்டதும் டேப்பில் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்து, "முப்பத்திநாலு" என்று குரல் கொடுத்தான்.

என் காதில் எப்போதும் பென்சில் இருக்கும், எடைக்காரன் வழக்கம். மாடிச் சுவரில் பழைய காலண்டர் தொங்கியது. ஒரு தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று கேட்காதீர்கள். அவன் எண் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவன் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"முப்பத்தெட்டு."

எழுதினேன்.

"நாப்பத்தொண்ணு. இது ஒங்க சட்டை மார்பளவுண்ணே."

"வயசாச்சு, இப்ப கொறஞ்சிருக்கும்" என்றேன்.

"கொறையல. போன பொங்கலுக்கு எடுத்தேன்ல." சிரித்தான். "நாப்பத்தாறு. இது மில் மொதலாளி இடுப்பு."

இப்படியே போனது சார். ஒவ்வோர் எண்ணுக்கும் ஊரில் ஓர் ஆள் இருந்தார். ஐம்பது தாண்டியதும் ஆள் கிடைக்கவில்லை. எண்ணை மட்டும் சொன்னான். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. இடையில் மழை பிடித்துக்கொண்டது. ஐம்பத்தெட்டு. அறுபது.

அடுத்த எண் வரவில்லை.

"என்ன ஞானம்?"

"டேப் முடிஞ்சுபோச்சுண்ணே."

டெய்லர் டேப் அறுபது அங்குலம்தான் சார். அதற்கு மேலே எண் கிடையாது.

இந்தத் தாளைப் பாருங்கள். ஈரம் பட்டதால் ஓரம் கரைந்திருக்கிறது, எண்கள் தெரிகின்றன. கடைசியில் அறுபது. நேரமும் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், பன்னிரண்டு ஐம்பது.

தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்த பிறகு கேட்டான். "கோட்டப் பாருங்கண்ணே, இன்னும் எவ்வளவு இருக்கு?" நான் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். கோட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்கூட இல்லை. "இன்னும் நெறைய இருக்குய்யா" என்றேன். அதைப் பொய்க்கணக்கில் சேர்க்காதீர்கள். வேறு என்ன சொல்வது?

அடுத்த தடவை குனிந்தபோது கோடு இல்லை. தண்ணீர் ஜன்னல் கட்டைக்குக் கீழே அலையடித்தது. என் கையை விட்டால் நனையும். எதிரே அவன் ஜன்னல் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. "சொல்லு ஞானம், எழுதிக்கறேன்" என்றேன். பென்சிலை வைத்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு இருந்தேன்.

எருமை வந்ததா என்று முகாமில் கேட்கிறார்கள். பிள்ளைகள்கூடக் கேட்கின்றன. வரவில்லை சார். ஒரு கோழிகூட வரவில்லை.

அரை மணி நேரம்தான் அந்த உயரத்தில் நின்றது. பிறகு நாலடிக்கு இறங்கி அங்கேயே நாலு நாள் கிடந்தது. அதனால்தான் நின்றிருக்கிற சுவர்களிலெல்லாம் நாலடியில் கறை. திரும்பி வந்தவர்கள் பார்த்ததும் அந்த நாலடியைத்தான். அதையே உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மில் சுவரைக் காட்டலாம் என்றால், படகில் வந்து என்னை இறக்கின மறுநாள் அது ஆற்றுப்பக்கமாக விழுந்துவிட்டது. கோடும் அதோடு போயிற்று. எனக்கு மிச்சமிருப்பது இந்தக் காலண்டர் தாள்தான்.

தெரசா வந்தாள். "கடைசியா என்னண்ணே பேசினாரு?" என்று கேட்டாள். "ஒன்னப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டிருந்தான்" என்றேன். நம்பினாள். இந்த ஊரில் என்னை நம்புகிறது அவள் ஒருத்திதான். டிராக்டர் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. கோமதியிடமும் சொல்லவில்லை. உங்களிடம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் வெளியூர், எழுதி முடித்ததும் போய்விடுவீர்கள்.

இதோ, கோமதியே டீ கொண்டு வருகிறாள். வாங்கிக்கொள்ளுங்கள் சார், முகாம் டீ, சர்க்கரை குறைவு.

"அப்பா, சார் எழுதறத எழுதட்டும். நீ வாயத் தொறக்காத."

கேட்டீர்களா? அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்பதடி என்று நீங்கள் எழுதினால் தெருவையே காலிபண்ணச் சொல்வார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நாலாவது மாடியில் ஓர் அறை கொடுப்பார்களாம். மாப்பிள்ளைக்கு இங்கே மீன் மார்க்கெட்டில் வேலை, விடியற்காலை மூன்று மணிக்கு ஏலம். பிள்ளைகளுக்கு இதே பள்ளிக்கூடம். குறைத்து எழுதினால் மறுபடி விலக்குக்கு மனு போடலாம், அதே இடத்தில் கட்டலாம். மனுகூட எழுதி வைத்துவிட்டாள். பழைய பைலிலிருந்து எடுத்த என் பத்திரத்தின் நகலையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள்.

என்ன சார் யோசிக்கிறீர்கள்? என் வாக்குமூலம் செல்லாதா? ஆமாம், அரசாங்கமே முத்திரை குத்தி வைத்திருக்கிறது, முப்பத்தோரு பைலில். அப்படியானால் இந்தத் தாள்? இது என் வாக்கு இல்லையே. அவன் சொன்னது, நான் வெறும் எழுத்துக்காரன். அவன் பொய் சொன்னதாக எந்தப் பைலிலும் இல்லை.

இதைச் சேர்த்துக்கொள்ளலாமா? நல்லது சார், நல்லது. கிழியாமல் எடுங்கள்.

அறுபது என்று எழுதுகிறீர்கள். உச்ச மட்டம், தரையிலிருந்து அறுபது அங்குலம். இல்லை சார். அறுபதுக்கு மேலே தண்ணீர் வரவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. டேப் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் ஏறியது. நான் பார்த்தேன். கோடு முழுகியதைப் பார்த்தேன். அது நான் சொல்வதுதான், தெரியும், நான் சொல்வது செல்லாது. பரவாயில்லை, அறுபதே இருக்கட்டும். பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், டேப் முடிந்துவிட்டது என்று.

அதற்குக் கட்டம் இல்லையா?

கோமதி, நீ ஏன் பிடித்து இழுக்கிறாய், கையெழுத்துப் போடுகிறேன். பென்சிலில் போட்டால் ஆகாதா சார்? சரி, பேனாவைக் கொடுங்கள். எங்கே போட வேண்டும்?